ஊழிப் படங்களும் உண்மைக் கடலும்

வெள்ளத்தையும் ஊழியையும் பற்றிய கதைகள் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. சீர்காழிக்கு வழங்கும் பன்னிரு பெயர்களுள் ஒன்று தோணிபுரம். ஊழிவெள்ளம் உலகை மூடியபோது இறைவன் தோணியில் வந்து தங்கிய ஊர் இது என்று சைவப் பெருமக்கள் போற்றுகின்றனர். இங்கிருந்து சிறிது தொலைவில் இருக்கும் பூம்புகாரைக் கடல் கொண்டதற்கு, மன்னன் இந்திர விழாவை மறந்ததே காரணம் என்கிறது மணிமேகலை. நாம் போற்றும் விவிலியத்தின் தொடக்கநூலிலோ நோவாவும் அவர்தம் பேழையும் நிற்கின்றனர்.

இக்கதைகளுள் எதுவும் தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொண்டு நம்மிடம் வருவதில்லை. மனிதன் தன் கடமையை மறக்கும்போது என்ன நேர்கிறது, அழிவின் நடுவிலும் இறைவனின் பரிவு எங்கே நிற்கிறது என்பனவே அவை எழுப்பும் வினாக்கள். ஆதலால் அவற்றோடு நமக்கு வழக்கு இல்லை. நம் வழக்கெல்லாம் வெள்ளை அங்கி அணிந்து, கணிப்பொறியின் முன் அமர்ந்து, அறிவியலின் குரலில் பேசிக்கொண்டே அறிவியலுக்குப் புறம்பானதை விற்கும் இன்றைய பேரழிவுத் திரைப்படங்களோடுதான். அவை செய்யும் பிழையைவிட, அப்பிழையைக் கொண்டு முற்போக்கையும் பழைமையையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பரிமாறும் தந்திரம் இன்னும் கேடானது. இதனை நம் வாசகர்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

நம் வாயிலுக்கே வந்த படம்

எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2008 ஜூன் மாதம் வெளியான 'தசாவதாரம்' நம் அண்டை ஊரான சிதம்பரத்தில் தொடங்கி, 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையில் முடிகிறது. கே.எஸ். இரவிக்குமார் இயக்கத்தில் கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த படம் அது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் அறிவியலை ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெருமாளின் கற்சிலை கடலில் எறியப்படுகிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்துக் கடல் பொங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பார்ப்பவர் எண்ணும்படி கதை பின்னப்பட்டிருக்கிறது. அதற்குத் துணையாக, ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகசைப்பு எங்கோ ஒரு புயலுக்கு வித்தாகலாம் என்ற கோட்பாடும் அழைத்துவரப்படுகிறது. அக்கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட எட்வர்டு லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் 1963இல் சொன்னது வேறு. தொடக்கநிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடும் பெருகிவிடுவதால் வானிலையை நெடுநாளைக்கு முன்கூட்டிக் கணிக்க இயலாது என்பதே அவர் கண்ட உண்மை. அது மனித அறிவின் எல்லையை உணர்த்தும் பணிவான பாடம். எதை வேண்டுமானாலும் எதனோடு வேண்டுமானாலும் முடிச்சிடலாம் என்பதற்கு அவர் உரிமம் எழுதித் தரவில்லை.

உண்மையில் நடந்தது என்ன? சுமத்திராவுக்கு அருகே, கடலடியில், இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் கீழ் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் அன்று காலை அவிழ்ந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்படுகை பிளந்து எழும்பி, தன் மேலிருந்த நீரையெல்லாம் தூக்கிவிட்டது. அந்தப் பிளவு நம் கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கொள்ளிடம் ஒரே வெள்ளத்தில் கடலில் கொட்டும் வண்டலின் எடைக்கு முன் ஒரு கற்சிலையின் எடை எம்மாத்திரம்? வண்டலையே பொருட்படுத்தாத பூமி சிலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததா?

அடுத்தது உப்பு. படத்தில் மனித குலத்தையே அழிக்கக்கூடிய கிருமி ஒன்று ஆய்வுக்கூடத்தில் படைக்கப்படுகிறது. அதை அழிக்கவல்லது சோடியம் குளோரைடு, அதாவது நம் அடுப்பங்கரை உப்பு. கிருமி பரவப்போகும் வேளையில் பேரலை வந்து அதைக் கழுவி உலகைக் காப்பாற்றுகிறது. நம் குருதியிலும் கண்ணீரிலும் வியர்வையிலும் உப்பு இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். உப்பைக் கண்டு மடியும் கிருமி மனித உடலுக்குள் எப்படி வாழும்? கடல்நீரே வைரசுகளின் பெருங்குடியிருப்பு. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரசுகள் இருக்கக்கூடும் என்பது கடலியலார் கண்ட கணக்கு. உப்பில் அழிவதற்குப் பதிலாக உப்பிலேயே அவை பெருகி வாழ்கின்றன.

வேடிக்கைதானே என்பார்க்கு

'திரைப்படம் பொழுதுபோக்கு. அதில் போய் வேதியியல் தேடுவதா?' என்று கேட்பார் உண்டு. பறக்கும் மனிதனைக் காட்டினால் நாம் எதிர்ப்பதில்லை. அது கற்பனை என்று எல்லாருக்கும் தெரியும். பேரழிவுப் படமோ உண்மையான நாளை, உண்மையான கடலை, உண்மையில் மாண்டவர்களை எடுத்துக்கொண்டு, அறிஞர் ஒருவரின் வாயால் விளக்கமும் சொல்கிறது. நம்பச் சொல்லிக் கேட்பதை நம்பலாமா என்று திருப்பிக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அவ்வாறு நம்புவதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, உப்புநீரால் கொப்பளித்தால் கிருமி மடிந்துவிடும் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவியது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது தொற்றைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனமே விளக்க வேண்டியதாயிற்று. அச்செய்தியைத் திரைப்படந்தான் பெற்றது என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய செய்தி விழுந்து முளைப்பதற்கு ஏற்ற நிலத்தை இத்தகைய படங்கள் உழுது வைக்கின்றன என்கிறோம்.

இன்னொன்று உயிரோடு தொடர்புடையது. பேரலை வருமுன் கடல் நெடுந்தூரம் உள்வாங்கும், பிறகு மலைபோல் சுவரெடுத்து வரும் என்பது திரைகளில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் காட்சி. 2004இல் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது உண்மை. மேற்கே இருந்த நம் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது நீர் ஏற்றமே. உள்வாங்குதல் நம் பகுதியில் அலைகளுக்கு இடையில் காணப்பட்டது. வந்த நீரும் பல இடங்களில் நின்று விழும் சுவராக இல்லாமல், நிற்காமல் உயர்ந்துகொண்டே போகும் வெள்ளமாகவே ஊருக்குள் புகுந்தது. பழையாற்றிலோ திருமுல்லைவாசலிலோ வானகிரியிலோ கரையில் நிற்கும் ஓர் இளைஞன், கடல் உள்வாங்கட்டும், அதன் பிறகு ஓடுவோம் என்று திரைப்பாடத்தை நம்பிக் காத்திருந்தால் என்னாகும்? நில அதிர்வை உணர்ந்தாலோ, எச்சரிக்கை கிட்டினாலோ, கடலின் போக்கு மாறக் கண்டாலோ உடனே மேட்டை நோக்கிச் செல்வது ஒன்றே வழி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மறைக்கல்விக்குப் புறம்பான வேலை என்று யாரும் எண்ண வேண்டா.

மூன்றாவது தீங்கு நம் கவனத்தைத் திருடுவது. அன்று நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி காலை 6.29 மணி அளவில். நீர் நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தொலைபேசி மணி ஒலித்திருந்தால், ஓர் ஆலய மணி ஒலித்திருந்தால், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்ட 6,000க்கும் மேற்பட்டோரில் எத்தனை பேர் இன்று நம்மோடு இருந்திருப்பர்! இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு கிடையாது. ஐதராபாத்தில் அது நிறுவப்பட்டது 2007இல்தான். ஆகவே அன்று கடலின் சீற்றத்தோடு மனிதரின் ஆயத்தமின்மையும் சேர்ந்து கொன்றது. அழிவை ஊழ்வினையாகவும் தெய்வச் செயலாகவும் காட்டும் கதையில் இவ்வுண்மைக்கு இடமே இல்லை. யாரும் பொறுப்பேற்க வேண்டாத அழிவு அது.

அயல்நாட்டுச் சரக்கு

இந்த நோய் தமிழ்த் திரைக்கு மட்டும் உரியதன்று. ரோலண்ட் எம்மெரிக் என்ற இயக்குநரின் '2012' என்னும் படம் 2009இல் வந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்கள் பூமியின் உட்கருவைச் சூடாக்குகின்றன என்று இந்தியச் சுரங்கமொன்றில் ஓர் இந்திய அறிஞர் கண்டுபிடிக்கிறார். மெய்யாகவே ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. அவை எதையும் தீண்டுவதில்லை என்பதே அவற்றின் இயல்பு. அவற்றுள் ஒன்றைப் பிடிப்பதற்கே அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் தவமிருக்கின்றனர். அப்படத்தில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் செபித்துக்கொண்டிருந்த மக்கள்மீது சரிகிறது. பிறகு உலகைக் காக்க வருவதோ பேழை! இருக்கை ஒன்றுக்கு நூறு கோடி யூரோ கொடுத்தவர்களுக்கு அதில் இடம் ஒதுக்கப்படுகிறது. செபித்தவர்களை நசுக்கிவிட்டு, விவிலியத்தின் பேழையை மட்டும் கடன் வாங்கிச் செல்வரை ஏற்றுகின்றனர்.

அதே இயக்குநர் 2004 மே மாதத்தில் வெளியிட்ட 'தி டே ஆஃப்டர் டுமாரோ' புவி வெப்பமாதலை எச்சரிக்கும் நல்ல நோக்கம் உடையது போலத் தோன்றும். ஆனால் பத்தாண்டுகளிலும் நூற்றாண்டுகளிலும் நிகழ்வதைச் சில நாட்களுக்குள் சுருக்கி, வட அமெரிக்காவைப் பனியில் உறையவைத்தது. நல்ல கட்சிக்காகச் சொல்லப்பட்ட பொய்யும் பொய்யே. வெப்பமாதலை மறுப்போர்க்கு எள்ளி நகையாட அது வாய்ப்பளித்தது. நம்பியவர்க்கோ, பேரழிவு என்றால் வானளாவி வரும் என்ற எண்ணத்தை ஊட்டியது.

உண்மைப் பேரழிவு எப்படி வருகிறது என்பதைச் சீர்காழி அறியும். 2022 நவம்பர் 12ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இவ்வூரில் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. குவிமாடம் எதுவும் சரியவில்லை. சம்பாப் பயிர் மூழ்கியது. குடிசைகளில் இடுப்பளவு நீர் நின்றது. வடிகால்கள் வடிக்கவில்லை. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். இதில் கதாநாயகனும் இல்லை, வில்லனின் குப்பியும் இல்லை. தூர்வாரப்படாத வாய்க்காலும், உப்பேறும் நிலத்தடி நீரும், கடன்பட்ட உழவனுமே இருக்கின்றனர். ஆகவே திரைக்கு இது உதவாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'தசாவதாரம்' படத்திலேயே ஆற்று மணல் கொள்ளையை எதிர்க்கும் வின்சென்ட் பூவராகன் என்ற பாத்திரம் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, இறுதியில் பிள்ளைகளைக் காக்கப் போய் அலையில் மடிபவன் அவன். நம் ஆறுகளின் உண்மைப் பேரழிவு அந்தப் பாத்திரத்தின் கையில் இருந்தது. படைத்தவர்களோ அதனை ஓரத்தில் வைத்துவிட்டுக் குப்பியின் பின்னால் ஓடினார்கள்.

இரு படகில் கால்

இனி அந்தக் கலவைக்கு வருவோம். அப்படத்தின் இறுதியில் கதாநாயகி, கடவுள்தான் பேரலையை அனுப்பி உலகைக் காத்தார் என்கிறாள். அப்படியானால் மாண்ட ஆயிரங்கள் என்ன பாவம் செய்தனர் என்ற பகுத்தறிவுக் கேள்வி நாயகனிடமிருந்து வருகிறது. நல்ல கேள்வி. ஆனால் கதையோ நாயகியின் பக்கமே சாய்ந்து கட்டப்பட்டிருக்கிறது. அலை சரியான நேரத்தில் வருகிறது, கிருமி அழிகிறது, மூழ்கிய சிலையும் கரையேறுகிறது. கேள்வியைப் பகுத்தறிவாளர்க்குக் கொடுத்து, கதையைப் பக்தர்க்குக் கொடுத்து, சீட்டுப் பணத்தை இரு சாராரிடமும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. இரு பார்வைகளும் ஒன்றையொன்று திருத்தவில்லை. ஒன்றின் கடுமையை மற்றது மழுப்பியது. அந்த மழுப்பலுக்குத் தேவைப்பட்ட பசைதான் போலி அறிவியல்.

திரையைக் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. நம் பொதுநிலையினரிடையிலும் இக்கலவை பரவலாக உண்டு. அன்று வேளாங்கண்ணியில் கடல் பேராலயத்தினுள் புகவில்லை என்பதைப் புதுமை என்று பெருமையோடு சொல்வோர் பலர். அதே கரையில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வந்திருந்த திருப்பயணியர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்னையைத் தேடி வந்தவர்கள் அவர்கள். கட்டடத்தைக் காத்த கடவுள் அம்மக்களைக் கைவிட்டார் என்று சொல்ல நா எழுமா? எழாதென்றால், முதற்பாதியை மட்டும் சொல்வதை நிறுத்த வேண்டும். பேராலயம் அமைந்த தரையின் உயரத்தையும் தொலைவையும் அளந்து பார்ப்பது அன்னையின்மீது நாம் கொண்ட அன்பைச் சிறிதும் குறைக்காது. இறந்தோர்க்குரிய மதிப்பையே அது காக்கும்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரிய பாவிகள் அல்லர் என்பதை ஐயத்துக்கு இடமின்றி உரைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தோரை மனமாற்றத்துக்கு அழைக்கிறார். பேரழிவைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை இவ்விடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவர் பெருவிழாவன்று, லிஸ்பன் நகரம் நடுங்கி விழுந்தது. அதனை இயற்கைக் காரணங்களால் விளக்குவதே தவறு, அது இறைத்தண்டனை என்று மலக்ரிதா என்ற துறவி எழுதினார். கோவில்களில் திருப்பலிக்குக் கூடியிருந்தோர்தாம் திரளாக இடிபாடுகளில் மடிந்தனர் என்பதை அந்த விளக்கம் எப்படிச் செரித்தது என்று நமக்கு விளங்கவில்லை.

அறிவியலை வேண்டும்போது கடன் வாங்கி, வேண்டாதபோது பழித்துரைக்கும் வழக்கம் திருச்சபையின் நல்ல மரபன்று. இயற்கையைப் பற்றி ஒன்றும் அறியாமல் மறைநூலின் பெயரால் உளறும் கிறிஸ்தவன் பிற மக்களின் நகைப்புக்கு மறைநூலையே இலக்காக்குகிறான் என்று புனித அகுஸ்தீன் வருந்தியிருக்கிறார். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. அக்கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதை அவரே விரும்பவில்லை. தம் இறைநம்பிக்கைக்குத் தம் கணக்கை முட்டுக்கொடுக்க அவர் அனுமதிக்கவில்லை. அதனால் இரண்டும் நேராக நின்றன. நிலநடுக்கத்தை ஆராய 1925இல் சங்கம் கண்ட இயேசு சபையினரும் இம்மரபினரே.

கலக்கத் தெரிந்தவர்கள்

முற்போக்கும் மரபும் கூடவே கூடாது என்பது நம் வாதம் அன்று. கூட்டினால் கூட்டுவோர்க்கு விலை உண்டு என்கிறோம். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பழுத்த கத்தோலிக்கர். அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடினார். பெண்கல்விக்காக நூல் எழுதினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் தம் பொருளை வாரிக் கொடுத்தார். அவருடைய பக்தியும் சீர்திருத்தமும் ஒன்றையொன்று மழுப்பவில்லை. பஞ்சத்தின் முன் அவர் கடவுளின் திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை, கஞ்சித்தொட்டி வைத்தார்.

நம் காலத்தில் காந்தியவாதி ஜெகந்நாதன் இப்பகுதியின் இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். உண்ணாநோன்பும் பிரார்த்தனையும் கொண்ட பழைமையான வாழ்வு அவருடையது. ஆனால் வழக்கில் நின்று பேசியவை நீரின் உப்பையும் நிலத்தின் கேட்டையும் அளந்த ஆய்வறிக்கைகள். 1996 டிசம்பர் 11ஆம் நாள் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் வந்த சட்டம் அதன் கூர்மையை மழுக்கிவிட்டது என்றாலும், அறமும் அறிவியலும் எப்படிக் கைகோக்க வேண்டும் என்பதற்கு அவ்வழக்கு ஒரு பாடம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலும் அத்தகையதே. புவி வெப்பமாதலைப் பற்றி அறிவியலார் கண்ட முடிவை அது ஏற்கிறது. நுகர்வுப் பேராசையைக் கடிகிறது. அதே மூச்சில் கருவிலுள்ள உயிரையும் காக்கச் சொல்கிறது. முதலாவதைக் கேட்டுப் பழைமை பேணுவோர் சிலர் முகம் சுளித்தனர். மூன்றாவதைக் கேட்டு முற்போக்காளர் சிலர் காதைப் பொத்திக்கொண்டனர். 2023இல் வந்த 'லவுதாத்தே தேயும்' என்ற மடலில், திருச்சபைக்குள்ளேயே இதனை எள்ளுவோர் இருப்பதை அவர் மறைக்காமல் சுட்டினார். இரு சாராரையும் மகிழ்விக்கும் திரைக்கலவைக்கும் இரு சாராரையும் தட்டியெழுப்பும் இக்கலவைக்கும் உள்ள வேற்றுமையை நம் மக்கள் உணர வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

படங்களைத் தடை செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அவற்றைப் பார்த்தபின் பேசுங்கள் என்கிறோம். பங்குகளில் உள்ள இளையோர் இயக்கங்கள் இத்தகைய படமொன்றைத் திரையிட்டு, அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் ஆசிரியரையும் ஒரு மீனவப் பெரியவரையும் அழைத்து உட்காரவைக்கட்டும். எது பொய், எது மெய் என்று பிள்ளைகளே கேட்டறியட்டும். கடலோரப் பங்குகளில் எச்சரிக்கை வந்தால் எந்த வழியே எந்த மேட்டுக்குப் போவது, நடக்க இயலாத முதியோரை யார் தூக்கிச் செல்வது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பங்குப் பேரவைகள் இவ்வாண்டே பார்க்கட்டும். 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு விலகினர், பேரலை வரவில்லை. தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடல் தூக்கப்படவில்லை. 'வீணாக ஓடவிட்டார்கள்' என்று அன்று முணுமுணுத்தோர் உண்டு. அறிவியல் பொய்த்தது என்று அதற்குப் பொருள் இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் நம் வேலை.

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் நம் கடலோரத்தில் மெழுகுதிரி ஏற்றி இறந்தோரை நினைவுகூர்கிறோம். அன்று ஆற்றும் மறையுரையில் அக்கடல் எவ்வாறு எழுந்தது என்பதை உள்ளபடி சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கப்படட்டும். அடுத்த ஐந்து நிமிடத்தில், ஐப்பசி மழைக்கு முன் ஊரின் வடிகால் வாய்க்காலைத் தூர்வாரச் செய்ய யார் யார் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள் என்று கேட்கப்படட்டும். மாண்டோர்க்காக நாம் செலுத்தும் செபத்தோடு இவ்விரண்டும் சேர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.